விலை எங்கே குறைந்தது?

மலிவு என்ற சொல்லுக்கு நம் மொழியில் நல்ல குடிப்பிறப்பு உண்டு. மலிதல் என்றால் நிறைதல், பெருகுதல் என்று பொருள். விளைச்சல் பெருகினால் விலை தானே இறங்கும். ஆகையால் பெருக்கத்தைக் குறித்த சொல்லே நாளடைவில் குறைந்த விலையையும் குறிக்கலாயிற்று. ஆனால் இன்று யாருடைய வீட்டிலாவது காபியைக் குடித்துவிட்டு, "என்ன, மலிவுத் தூளோ?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாள் ஆறு மாதத்துக்கு உங்கள் முகத்தில் விழிக்க மாட்டாள்.

வளத்தைக் குறித்த சொல் இப்படி இழுக்காகிப் போனதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் யுத்தங்கள் இல்லை. படியும் தராசும், பருப்பும் மிளகுமே அதன் ஆயுதங்கள். மாதச் சம்பளத்தில் மளிகைக் கணக்கைத் தீர்த்துவிட்டு, மிச்சத்தில் மானத்தோடு வாழ வேண்டியவர்களே அதன் நாயகர்கள்.

யோசித்துப் பார்த்தால் ஒரு சரக்கின் விலை நான்கு இடங்களில்தான் குறைய முடியும். விளைச்சலின் பெருக்கத்தால் குறையலாம். நடுவில் நிற்பவர்களின் லாபத்திலும் கடையின் ஆடம்பரத்திலும் குறையலாம். அளவில் குறையலாம். சரக்கிலேயே குறையலாம். முதல் இரண்டும் வாங்குகிறவருக்கு அதிர்ஷ்டம். பின் இரண்டும் அவர் அறியாமல் அவர் மடியிலிருந்து எடுத்த காசு. எனவே மலிவுக் கடைக்குள் நுழைகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "விலை எவ்வளவு குறைந்தது?" என்பது அல்ல, "எங்கே குறைந்தது?" என்பதுதான்.

அளவைப் பற்றி அரசர்கள் வெகு காலமாகவே கவலைப்பட்டிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்ற பெயருடைய மரக்கால் ஒன்று வருகிறது. ஆடும் பெருமானின் திருநாமம் அது. அந்த மரக்கால் 'ராஜகேசரி' என்னும் மரக்காலுக்குச் சமம் என்பதையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்குக் கடவுளின் பெயர், மற்றொன்றுக்கு அரசனின் பட்டப் பெயர்! நெல் அளக்கிற பாத்திரத்துக்கு இதைவிடப் பெரிய ஜாமீன் யார் கொடுக்க முடியும்? சரக்கைப் பற்றியும் சட்டம் இருந்தது. தானியத்திலும் எண்ணெயிலும் உப்பிலும் மருந்திலும் மட்டச் சரக்கைக் கலப்பவனுக்குப் பன்னிரண்டு பணம் அபராதம் என்று அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. அபராதம் விதிக்க வேண்டியிருந்தது என்றால், கலக்கிறவர்களும் அன்றே இருந்தார்கள் என்றுதானே பொருள்?

எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த தலைமுறை நம்முடையதற்கு முந்தியது. வாய்ப்பாட்டில் இல்லாத கணக்கு ஒன்று கடைக்காரர் கையில் இருந்தது. படியைக் கோபுரமாகக் குவிப்பதா, தலை தட்டி அளப்பதா? 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோ புழக்கத்துக்கு வந்தது. படியின் தலையில் நடந்த தகராறு தராசுத் தட்டுக்கு மாறியது.

சரக்கின் தரத்தை யார் பார்த்தார்கள்? வீட்டுப் பெண்கள்தான். என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஒரு முழு ரசாயனசாலையே அவளிடம் இருந்தது. கண், மூக்கு, பல், உள்ளங்கை என்று நான்கே கருவிகள். அரிசியை முன்பல்லில் கடிப்பாள். 'நறுக்' என்று முறிந்தால் உலர்ந்த சரக்கு. மாவாக நசுங்கினால் ஈரம். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பாள். மேலே இருப்பது கடைக்காரர் காட்டுகிற அரிசி, அடியில் இருப்பதுதான் அவர் விற்கிற அரிசி என்பது அவள் சித்தாந்தம். மிளகாய் வற்றலைக் காதருகே குலுக்குவாள். விதை கலகலக்காவிட்டால் எடைக்காகத் தண்ணீர் தெளித்தது என்று ஒதுக்கிவிடுவாள். மிளகைத் தண்ணீரில் போடுவாள். கனத்த மிளகு அடியில் போகும், பதரும் பப்பாளி விதையும் மிதக்கும். வெல்லத்தில் மட்டும் மஞ்சள் பளபளப்பைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கறுத்த வெல்லமே நல்ல வெல்லம் என்பாள். வெல்லத்தை வெளுப்பாக்க ரசாயனம் சேர்ப்பதுண்டு என்று இன்று உணவு ஆய்வாளர்கள் சொல்லும்போது எனக்கு அவள் நினைவுதான் வருகிறது.

அவள் எப்போதும் உசந்த சரக்கே வாங்குகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் நொய்தான். பாயசத்துக்கு உடைந்த முந்திரிதான். "வாயில் போட்டால் உடையப் போகிறது, கடைக்காரன் உடைத்துக் கொடுத்தால் என்ன குறைச்சல்?" என்பாள். விலை அழகில் குறைந்திருந்தால் அவள் வாங்குவாள். குணத்தில் குறைந்திருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இந்தப் பாட்டிகளின் வித்தை எங்கே தோற்றது என்றால், ஊர் பட்டணமாகி, முழுச் சரக்கு பொடியாகி, தெரிந்த கடைக்காரர் தெரியாத கம்பெனியாகிய இடத்தில் தோற்றது. அந்த மாறுதலை முதலில் பெரிய அளவில் அனுபவித்த தேசம் இங்கிலாந்து. 1820-ல் பிரெடரிக் ஆக்கும் என்ற ரசாயன நிபுணர், உணவில் நடக்கும் கலப்படங்களைப் பற்றி லண்டனில் ஒரு புத்தகம் எழுதிப் பரபரப்பை உண்டாக்கினார். பிறகு 1850-களில் ஆர்தர் ஹாசல் என்ற டாக்டர் மைக்ராஸ்கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் முதலில் கையில் எடுத்த சரக்கு எது தெரியுமா? காபிப் பொடிதான்! அதில் சிக்கரி கலந்திருப்பதைக் கண்ணாடியின் வழியே காட்டினார். கலந்தவர்களின் பெயர்களோடு அவருடைய முடிவுகள் 'லான்ஸெட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியாயின.

ஆனாலும் உலகம் புத்தி பெற ஒரு பெரிய துக்கம் தேவைப்பட்டது. பிராட்ஃபோர்ட் என்ற ஆலை நகரத்தில், 1858-ல், சந்தைக் கடையொன்றில் பெப்பர்மின்ட் வில்லைகள் விற்றார்கள். சர்க்கரை விலை அதிகம். ஏழைகளுக்குக் கட்டும்படியான விலையில் வில்லை செய்ய, சர்க்கரையின் ஒரு பங்குக்குப் பதிலாக ஜிப்சம் தூளைச் சேர்ப்பது மிட்டாய்க்காரர்களிடையே சகஜமான வழக்கம். அன்று மருந்துக் கடையில் பையன் தவறிப்போய் ஜிப்சத்துக்குப் பதிலாக ஆர்செனிக் பாஷாணத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டான். சுமார் இருபது பேர் இறந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். பாஷாணம் கைதவறி வந்தது. ஆனால் சுண்ணத் தூள் கைதவறி வந்ததல்ல. விலை அந்த இடத்தில்தான் குறைந்திருந்தது. இரண்டு ஆண்டுகளில், 1860-ல், இங்கிலாந்தில் முதல் கலப்படத் தடைச் சட்டம் பிறந்தது.

சட்டத்துக்குக் காத்திராதவர்களும் இருந்தார்கள். 1844 டிசம்பரில், ராச்டேல் என்ற ஊரில், நெசவாளர்கள் முதலான சாமானியர்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு கடை வைத்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. கலப்படம் கூடாது, எடை குறையக் கூடாது, லாபம் வாங்கினவர்களுக்கே அவரவர் வாங்கிய அளவுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. சரக்கைக் குறைக்காமல் நடுவில் நிற்பவரின் லாபத்தைக் குறைத்தார்கள்.

அந்த விதை அறுபது ஆண்டுகளில் நம் திருவல்லிக்கேணியில் வந்து முளைத்தது. 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுக் கடைகளில் தலையாயது. அதை நிறுவியவர்களில் ஒருவர் ஸ்ரீநிவாச சாஸ்திரி. பின்னாளில் வெள்ளி நாக்குச் சாஸ்திரியார் என்று உலகம் கொண்டாடிய அவர் அப்போது திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியர். அந்த ஆண்டு வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மற்ற வகைச் சங்கங்களுக்கு இடம் கொடுத்த சட்டம் 1912-ல்தான் வந்தது. சட்டம் யோசித்துக்கொண்டிருந்தபோதே குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் புளியும் பருப்பும் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்! பாட்டி தனியாகச் செய்த பரீட்சையை ஒரு பேட்டையே சேர்ந்து செய்தது என்று சொல்லலாம்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1918-ல் சென்னை மாகாணத்துக்குக் கலப்படத் தடைச் சட்டம். 1937-ல் அக்மார்க் முத்திரைக்கு வழி செய்த சட்டம். 1954-ல் தேசம் முழுவதற்கும் உணவுக் கலப்படத் தடைச் சட்டம். 2006-ல் அதன் இடத்துக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம். யுத்த காலத்து ரேஷனை 1952-ல் ராஜாஜி எடுத்தார். 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமலே கிடைக்கலாயிற்று. நான் சொன்ன நான்கிலும் சேராத ஐந்தாவது இடம் இது: இங்கே விலை பொதுக் கஜானாவில் குறைகிறது. அதாவது நம் எல்லோருடைய பணமும் அதில் இருக்கிறது. ஆகவே, "இனாம் அரிசிக்கு இவ்வளவு போதும்" என்று ஒருவர் சொன்னால், அது தர்ம நியாயம் ஆகாது. இனாமுக்கும் குணம் கேட்க உரிமை உண்டு.

இனி இன்றைய காலத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியும் செம்பரம்பாக்கமும் தாண்டினால் தண்டலம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த செங்கற்பட்டுச் சீமையின் பகுதி. 1990-களின் பிற்பகுதியில் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்த் தொழிற்சாலை வந்தது. பின்னால் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் ஆலைகளால் நிறைந்தன. நெல் விளைந்த சீமைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வந்து, அறை எடுத்து, பொட்டலத்தில் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

அங்கே ஒரு மலிவு விலைக் கடையில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"அக்கா, இந்தப் பருப்பு கிலோவுக்குப் பதினைஞ்சு ரூபா கம்மி. இதையே எடுத்துக்கலாமே?"

"கம்மிதான். போன மாசம் இதைத்தானே வாங்கினோம்? எட்டு விசில் விட்டும் வேகல. மிச்சம் பிடிச்ச காசு கேஸுக்குப் போயிடுச்சு. ஷிப்டு முடிஞ்சு வந்து பருப்புக்குக் காவல் இருக்க முடியுமா?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாள்பட்ட பருப்பு வேகாது. வேகாத பருப்பு அடுப்பைத் தின்னும், தூக்கத்தைத் தின்னும். விலைச் சீட்டில் இல்லாத இந்த விலையை அந்தப் பெண் கூட்டிப் பார்த்துவிட்டாள். பிறகு அவள் செய்ததையும் கவனித்தேன். கொண்டைக்கடலை, பயறு, மிளகு முதலிய முழுச் சரக்கில் மலிவானதையே எடுத்தாள். மஞ்சள் தூளுக்கும் மிளகாய்த் தூளுக்கும் மட்டும் சில ரூபாய் அதிகம் கொடுத்து முத்திரை போட்டதை எடுத்தாள். முழுதாய் இருப்பதில் மோசம் ஒளிய முடியாது, கண் பார்த்துக்கொள்ளும். பொடியில் எதுவும் ஒளியலாம்; ஆகவே அங்கே பரிசோதனைக்குக் கூலி கொடுக்கிறாள். ஹாசலின் மைக்ராஸ்கோப்பையும் என் பாட்டியின் பல்லையும் ஒரே கூடையில் போட்டுக்கொண்டு போனாள் அந்தப் பெண்.

மூட்டைக்குள் கைவிட வழியில்லாத காலத்தில் பொட்டலத்தின் மேலுள்ள பொடி எழுத்துகளே மூட்டையின் அடி. 1977-ஆம் ஆண்டு விதிகள் அந்த எழுத்துகளைக் கட்டாயமாக்கின. முன்பக்கத்துப் படம் கடைக்காரர் காட்டுகிற அரிசி. பின்பக்கத்துப் பட்டியல் அவர் விற்கிற அரிசி. ஹாசல் குற்றமாகக் கண்ட சிக்கரி இங்கே சட்டப்படி சேர்க்கத் தக்கது. ஆனால் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையலாகாது, விகிதத்தையும் அச்சிட வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் கோந்தும் மாவும் இருப்பதும் அங்கே எழுதியிருக்கும். சொல்லிவிட்டுக் கலந்தால் அது பக்குவம். சொல்லாமல் கலந்தால் மோசம். பெரிய பொட்டலம் என்று மயங்காமல் கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பதும், தேதியைப் பார்ப்பதும் தலை தட்டி அளந்ததைக் கண்டுபிடித்த அதே பழைய ஜாக்கிரதைதான்.

ஆனால் வாங்குகிறவர் ஒருவர், உண்கிறவர் வேறொருவர் என்றால் இந்த வித்தைகளெல்லாம் என்ன பயன்? 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் கைபேசித் தொழிற்சாலைப் பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை எதிர்த்து, இதே நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. கைபேசிகளைச் செய்து வாங்கும் அமெரிக்கக் கம்பெனி, ஆலையைக் கண்காணிப்பில் வைப்பதாக அறிவித்தது. அரிசியைக் கடித்துப் பார்க்கவும், பருப்பை மாற்றிக் கேட்கவும் அந்தப் பெண்களுக்கு இடமில்லை. சாலை ஒன்றுதான் அவர்களுக்கு மிஞ்சிய பரீட்சைக்கூடம்.

குறைந்த வருமானக்காரர் பொருளைப் புரட்டிப் பார்ப்பதைக் கஞ்சத்தனம் என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கஞ்சத்தனம் அல்ல. ராச்டேல் நெசவாளரும் திருவல்லிக்கேணி உபாத்தியாயரும் சங்கம் சேர்த்துக் காத்துக்கொண்ட உரிமை அது. கையில் காசு குறைவாய் இருப்பவருக்குத்தான் ஏமாற இடம் இல்லை. அவருக்குத்தான் தரம் அதிகம் வேண்டும். மலிவு என்ற சொல் தன் பழைய மானத்தோடு நம் கடைத்தெருவுக்குத் திரும்ப வேண்டுமானால், பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கிற விரல்கள் இன்னும் பல வேண்டும்.