உறுதியில் ஒரு வரி



நமது ஊரில் மகளுக்குக் கல்யாணம் பேசினால் முதலில் வருவது வீட்டுப் பேச்சு. உம்மாவின் சீதன வீடு மகளின் பெயருக்கு மாறும். வாப்பாவும் உம்மாவும் பின்வளவில் ஓர் அறையைப் போட்டு ஒதுங்குவார்கள். அந்த உறுதியில் 'சீவிய உருத்து' என்ற வரி இருக்கிறதா என்று கல்யாண அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை. மருமகனோடு மனக்கசப்பு வந்த பிறகுதான் நாம் உறுதியைத் தேடுகிறோம்.

இந்த வரிக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

ஷரீஅத்தில் அன்பளிப்பு நிறைவேற, கொடுப்பவர் சொல்ல வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும், பொருள் கைமாற வேண்டும். ஆனால் அன்றைய இலங்கையில் நம்மவர்கள் வேறு விதமாகவும் உறுதி எழுதினார்கள். "நான் இருக்கும்வரை வருமானம் எனக்கு. விரும்பினால் ரத்துச் செய்வேன். எனக்குப் பின் மகனுக்கு, அவனுக்குப் பின் அவன் பிள்ளைகளுக்கு." அமெரிக்காவில் இன்று 'லிவிங் டிரஸ்ட்' என்று பெரிதாகப் பேசப்படுவதும் ஏறத்தாழ இதுதான்.

கைமாறாத சொத்து அன்பளிப்பாகுமா என்று வழக்குகள் வந்தன. வீரசேகர எதிர் பீரிஸ் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அப்படி எழுதிய தந்தை நாடியது முஸ்லிம் சட்டத்து அன்பளிப்பை அல்ல, ரோம-டச்சுச் சட்டத்தின் 'பிடேய் கொமிசம்' என்ற ஏற்பாட்டை. ஆகவே உறுதி செல்லும் என்று 1932இல் தீர்ப்பானது.

அதற்கு முன்பே 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைச் சட்டம் 3ஆம் பிரிவில் கோடு கிழித்துவிட்டது. பிடேய் கொமிசம், சீவிய உருத்து, நம்பிக்கைப் பொறுப்பு எதுவும் கலவாத நன்கொடைக்கு மட்டுமே முஸ்லிம் சட்டம். அதிலும், மீளப்பெற முடியாதது என்று உறுதியில் எழுதாவிட்டால் அது மீளப்பெறக்கூடியதே. உறுதியைக் கையில் கொடுத்தாலே சொத்தைக் கொடுத்ததற்குச் சான்றாகும். ஆக, எந்தச் சட்டம் என்பதையே அந்த ஒரு வரி தீர்மானிக்கிறது. இதை நொத்தாரிசிடம் கேட்டு விளங்கிக்கொண்டு ஒப்பமிடுபவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பிடேய் கொமிசத்தை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. பேரப்பிள்ளை வரை கட்டிவைக்கும் அந்த வழி இனி இல்லை. சீவிய உருத்து இருக்கிறது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டமும் இருக்கிறது. பள்ளிக்கோ மத்ரஸாவுக்கோ என்றால் 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம்.

உயிரோடு இருக்கும்போதே எழுதிவைத்த சொத்து மௌத்துக்குப் பின் மரணசாசன வழக்குக்குள் போவதில்லை. பெண் பிள்ளைகள் மட்டுமே உள்ளவர்களுக்கு இது பெரிய விடயம். இரண்டோ அதற்கு மேலோ பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. மனைவியின் பங்கும் போக மீதி, வாப்பாவின் சகோதரர்களிடம் போகலாம். அது அல்லாஹ் வைத்த பங்கு, அதில் நமக்குக் குறையில்லை. ஆனால் குடியிருக்கும் வீட்டையே துண்டாட நேர்ந்தால் என்ன செய்வது? அதே நேரம், ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுக்க வந்த நுஃமான் இப்னு பஷீரின் தந்தைக்குச் சாட்சியாக நிற்க நபியவர்கள் மறுத்ததையும் நாம் மறக்கலாகாது.

இன்னுமொன்று. நாம் பார்த்த சில உறுதிகளில் சீவிய உருத்து வாப்பாவின் பெயரில் மட்டுமே இருக்கிறது. வீடு உம்மாவின் சீதனம். வாப்பா மௌத்தானால் உம்மாவுக்கு எழுத்தில் எதுவுமில்லை. "இருவரில் எஞ்சியவருக்கும்" என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.