புறம்போக்குன்னா சும்மா கிடக்குற நிலமா?

மாஸ்டர் பிளான், நிலப் பயன்பாடுன்னு பேச்சை எடுத்தாலே நம்ம பக்கத்துல பலரும் "அதெல்லாம் சென்னைக்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?"ன்னு எழுந்து போயிடுறாங்க. ஆனா 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்டது. நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல கழனியும் ஏரியுமாக இருக்கிற பல ஊர்கள் அதுக்குள்ள வந்தாச்சு. எந்த சர்வே நம்பர்ல என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாதுன்னு இனிமே வரைபடம்தான் சொல்லப் போகுது. அதனால கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம்.

1763ல் ஆற்காடு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். அந்தச் சீமையை 1767லிருந்து 1774 வரைக்கும் தாமஸ் பார்னார்டு என்பவர் அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்களின் கணக்கு அதில் வந்தது. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் வைத்திருந்த கணக்குதான் அதற்கு அடிப்படை. வீட்டு மனை எவ்வளவு, ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, கரம்பு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு மானியம் என்று ஊர் ஊராக எழுதியிருக்கிறார்கள். அதாவது இந்த நிலம் இந்த வேலைக்கு என்கிற ஏற்பாடு, 'திட்டமிடல்' என்ற சொல் வருவதற்கு முன்னாடியே நம்ம ஊர்கள்ல இருந்திருக்கு.

அப்போ எல்லாம் பொற்காலம்னு நான் சொல்ல வரல. அந்த ஏற்பாட்டில் மிராசுதாரர் கைதான் ஓங்கியிருந்தது. ஊர்த் தரிசில் ஏர் கட்ட சேரி மக்களை அவர்கள் விடவில்லை. 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் இதையெல்லாம் விவரமா அறிக்கையாக எழுதினார். அடுத்த வருஷம், 1892ல், அரசு உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம்னு இன்னைக்கு நாம சொல்றது அதிலிருந்து வந்ததுதான். அப்போ நம்ம பகுதியும் செங்கல்பட்டு மாவட்டம்தான். திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997ல். ஆக, 'ஊர் நிலம்'னு சொல்லும்போது ஊர்னா யாரு என்கிற கேள்வியும் கூடவே வரும்.

ரயத்துவாரி வந்த பிறகு கணக்கின் நோக்கமே மாறிடுச்சு. சர்க்காருக்குத் தீர்வை கட்டுற நிலம் ஒரு பக்கம், கட்டாத நிலம் ஒரு பக்கம். கணக்குக்குப் புறமா நிக்குறது புறம்போக்கு. உங்க ஊர் 'அ' பதிவேட்டை எடுத்துப் பாருங்க. மேய்க்கால், மந்தைவெளி, களம், வண்டிப்பாதை, சுடுகாடு, தோப்பு, ஏரி, தாங்கல், வாய்க்கால் என்று வரிசையா இருக்கும். கூடவே 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்றும் இருக்கும். மாடு மேயுற இடம், மழைத்தண்ணி ஓடி ஏரிக்கு வர்ற இடம், விறகும் தழையும் எடுக்குற இடம் எல்லாமே சர்க்கார் கண்ணுக்கு 'வரி வராத இடம்'. வரி வராத இடம்ங்கிறது, நாளாக ஆக, 'உபயோகமில்லாத இடம்'னு அர்த்தமாகிப் போச்சு.

இந்த அர்த்த மாற்றம் என்ன செய்யும்னு தெரிஞ்சுக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். கும்மிடிப்பூண்டி தாலுகா தேர்வாய் கண்டிகை போதும். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். ஊரை ஒட்டி 1,127 ஏக்கர் மேய்க்கால் இருந்தது. பேரு மேய்க்கால்னாலும் காடு மாதிரி மரம் வளர்ந்த நிலம். ஆடு மாடு அங்கதான் மேய்ந்தது, விறகு அங்கிருந்துதான் வந்தது, மழைத்தண்ணி அதில் ஊறித்தான் கீழே ஏரிக்கு இறங்கியது. 2007ல் அந்த நிலத்தை அரசு சிப்காட்டுக்குக் கொடுத்தது. ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கா போராடினார்கள். ஆனாலும் மரம் வெட்டப்பட்டு தொழிற்பூங்கா வந்தது. அதில் பெரிய இடம் மிஷலின் டயர் தொழிற்சாலைக்குப் போனது. 2012ல் ஊர்ச் சங்கமும் சில அமைப்புகளும் சேர்ந்து பிரான்ஸ் வரைக்கும் புகார் கொண்டுபோனார்கள். நிலம் திரும்பி வரவில்லை.

அதே பெயரில் இன்னொரு வேலையும் நடந்தது. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து 500 மில்லியன் கன அடி கொள்ளும் நீர்த்தேக்கம் கட்டினார்கள். 2020 நவம்பரில் திறந்தார்கள். தண்ணீர் சென்னையின் குடிநீருக்கு.

தொழிற்சாலையும் வேணாம், சென்னைக்குத் தண்ணியும் வேணாம்னு நான் சொல்லல. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க எத்தனையோ பேர் சிப்காட்லதான் வேலை பாக்குறாங்க. என் கேள்வி வேற. ஒரே ஊர்ப் பக்கம் மேய்க்காலும் போச்சு, ஏரியும் வேற வேலைக்குப் போச்சு. ரெண்டு முடிவுலயும் 'இந்த நிலம் இப்ப என்ன வேலை செய்யுது'ன்னு ஊரைக் கேட்டு எழுதின கணக்கு எங்கே?

பட்டா நிலத்துக்காவது கொஞ்சம் வேலி இருக்கு. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. 2017ல், திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கிற விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற தனி விதிகள் வந்தன. பொது நிலத்துக்கு? 2011ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலத்தில் இருக்கிற ஆக்கிரமிப்பை எடுக்கச் சொன்னது. அது தனி ஆள் வளைச்சுப் போட்டா உதவும். அரசே வகைப்பாட்டை மாத்தி வேறொருவருக்குக் கொடுத்தா? 2023ல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டம், குறைந்தது 100 ஹெக்டேர் பரப்புள்ள சிறப்புத் திட்டங்களுக்குள்ளே வருகிற நீர்நிலைகளையும் சேர்த்து ஒருங்கிணைக்க வழி செய்கிறது. விவசாயிகள் எதிர்த்தது சும்மா இல்லை.

இதுல இன்னொன்னு கவனிங்க. 2008ல் வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் விவசாயப் பகுதி என்று ஒரு வகை இருந்தது. அது போக 'நகரமல்லாத பகுதி' என்றும் ஒரு வகை வைத்தார்கள். நகரம் இல்லைங்கிறதுதான் அதுக்குப் பேரு. புறம்போக்குக்கும் இதே கதைதானே! இந்த நிலம் எது இல்லைன்னு சொல்றாங்களே தவிர, எதுன்னு யாரும் சொல்றதில்லை.

கேரளாவில் 2008ல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர், வேளாண்மை அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகள் சேர்ந்த உள்ளூர்க் குழுதான் எது வயல், எது நீர்நிலம் என்று பட்டியல் எடுக்கும். ஓட்டைகள் இருக்கு, தகராறும் இருக்கு. ஆனா கணக்கு ஊரிலிருந்து கிளம்புது.

நம்ம பஞ்சாயத்துச் சட்டத்திலும் (1994) மேய்க்கால், களம், சுடுகாடு, மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு இவற்றின் பயன்பாட்டை ஒழுங்கு செய்யும் அதிகாரம் ஊராட்சிக்கு இருக்கு. கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுது. அந்த ஆறில் ஒரு நாளை இதுக்கு ஒதுக்கலாம். 'அ' பதிவேட்டு விவரம் இ-சேவை தளத்திலேயே கிடைக்குது. கிராம வரைபடத்தையும் வாங்கிட்டு, புறம்போக்கு சர்வே நம்பர் ஒவ்வொண்ணுக்கும் நேராக இன்னைக்கு அங்க என்ன நடக்குதுன்னு எழுதணும். எத்தனை மாடு மேயுது, எந்த ஏரிக்கு எந்தப் பக்கத்துத் தண்ணி வருது, எந்தப் பாதையில அறுப்பு மெஷின் போகுது, சேரிக்கும் ஊருக்கும் எது பொது. பெண்கள், ஆடு மேய்க்கிறவங்க, நிலமில்லாதவங்க எல்லாரும் சொல்லி எழுதணும். அதைத் தீர்மானமா நிறைவேத்தி நகரமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பி, ஒப்புகை வாங்கி வைக்கணும்.

இதனால எல்லாம் தடுத்துட முடியும்னு உத்தரவாதம் கிடையாது. ஆனா வரைவுத் திட்டம் வெளிவந்து ஆட்சேபணை கேக்கும்போது, "சும்மா கிடக்குற நிலம்தானே"ன்னு சொல்றவங்க முன்னாடி எடுத்து வைக்க நம்ம கையில ஒரு கணக்கு இருக்கும். அன்னைக்கு கணக்குப்பிள்ளை ஓலையில எழுதி வெச்சதை இன்னைக்கு நாமதான் எழுதணும். உங்க ஊர்ல மேய்க்கால் எத்தனை ஏக்கர் மிச்சம் இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க.