இறந்தவளின் வழக்கு

ஐரோப்பியப் பேய்க்கதைகளில் மாண்டு மீளும் பெண்ணை அச்சத்தின் உருவமாக மட்டுமே கொள்வது வழக்கம். அவள் கதையைச் சொல்பவர் யார் என்பதே முதலில் வினவற்பாலது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பிளெகோன் என்னும் கிரேக்கர் எழுதிவைத்த கதையொன்றில், இறந்த இளம்பெண் இரவிலே விருந்தாளி ஒருவனை நாடி வருகின்றாள். 1797இல் கதே அதனைக் 'கொரிந்து மணமகள்' என்ற கதைப்பாடலாக்கியபோது காரணமொன்றைச் சேர்த்தார். புதிதாகக் கிறித்தவம் தழுவிய தாய், தன் நோய் தீர்ந்தமைக்கு நேர்த்திக்கடனாக மகளைத் துறவுக்கு ஒப்புக்கொடுத்துவிடுகின்றாள். வந்த இளைஞனோ அம்மகளுக்கு முன்னரே பேசப்பட்ட மணமகன். இச்சேர்க்கையே பாடலின் உயிர் என்பது என் கருத்து. கல்லறையினின்றும் எழுபவள் குருதி உறிஞ்சுபவளாயினும், தாயை எதிர்நிறுத்தித் தன் வழக்கைத் தானே உரைக்கின்றாள். தங்களிருவரையும் ஒரே சிதையில் எரிக்குமாறு கேட்கின்றாள்.

லெ பானுவின் 'கார்மில்லா'வில் (1872) அவளை அழிப்போர் ஆடவரே. ஆயினும் கதையைச் சொல்பவள், அவளை நேசித்தும் அஞ்சியும் வாழ்ந்த லோறா. பின்னாளிலும் அவளது காலடியோசை வாசலிற் கேட்பதாக லோறாவுக்குத் தோன்றுகின்றது.

ஸ்டோக்கரின் 'டிரக்குலா'விலோ (1897) லூசியின் நெஞ்சில் முளை அறைபவன் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன். அதனைக் குறித்துவைப்பவர், அவளை மணக்கக் கேட்டு மறுக்கப்பட்ட மருத்துவர். அவள் முகத்திலே தூய்மை திரும்பிற்று என்று அவர் எழுதுகின்றார். உயிரோடிருந்தபோது நாட்குறிப்பு எழுதிய லூசிக்கு, மாண்டபின் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வரியும் ஒதுக்கப்படவில்லை.