இரண்டு ஆசிரியர்கள், ஒரு குடும்பம்

அம்மாவும் நான்கு வயதுப் பிள்ளையும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே பள்ளிக்குப் படிக்கப் போனால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இது உண்மையிலேயே நடந்தது!

1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கென்டக்கியில் 25 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்கள். பெரியவர்களுக்கு முதியோர் கல்வி வகுப்பு இருந்தது, குழந்தைகளுக்குத் தனியாகப் பாலர் வகுப்பு இருந்தது. ஆனால் படிக்காத வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் பின்தங்குவது மட்டும் நிற்கவில்லை. முதியோர் கல்வித் துறையில் இருந்த ஷாரன் டார்லிங், இரண்டையும் சேர்த்து நடத்தினால் என்ன என்று யோசித்தார். 1986-ல் மாநில சட்டமன்றத்தின் ஒப்புதலோடு 'பேஸ்' திட்டம் பிறந்தது.

வாரத்தில் மூன்று நாள் வகுப்பு. காலையில் பிள்ளை ஓர் அறையில், பெற்றோர் வேறோர் அறையில் உயர்நிலைப் பள்ளிக்குச் சமமான தேர்வுக்குப் படிப்பார். மதியம் சேர்ந்து சாப்பாடு. சேர்ந்து விளையாட ஒரு நேரம். பிள்ளை வளர்ப்பு பற்றிப் பேச ஒரு நேரம்.

சரி, பாடம் நடத்துவது யார்? அங்கேதான் சிக்கல். பாலர் ஆசிரியைக்குக் குழந்தைகளைத் தெரியும். ஆனால் பள்ளியில் அவமானப்பட்டு வெளியேறிய ஒரு பெரியவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாது. முதியோர் கல்வி ஆசிரியருக்குத் தேர்வு தெரியும். குழந்தையோடு தரையில் உட்கார்ந்து பழக்கமில்லை. எனவே இருவரையும் ஒரே குழுவாகத் தயார் செய்ய வேண்டியிருந்தது. குழந்தை தானே திட்டமிட்டு, செய்து, செய்ததை எடுத்துச் சொல்லும் 'ஹை ஸ்கோப்' முறை அந்தத் தயாரிப்பில் முக்கிய இடம் பெற்றது.

இதில் கடினமான பாடம் எது தெரியுமா? சும்மா இருப்பது! சேர்ந்து விளையாடும் நேரத்தில் விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது பிள்ளை, கூட ஆடுவது பெற்றோர். ஆசிரியர் குறுக்கே புகுந்து 'இப்படிச் செய்யுங்கள்' என்று காட்டினால், அந்தத் தாய் தன் பிள்ளையின் முன்னாலேயே மறுபடியும் தோற்றுப்போனவளாகி விடுவாள்.

1988-ல் கெனன் அறக்கட்டளை பணம் தர, லூயிவில் நகரிலும் வட கரோலினாவிலும் இதே மாதிரி வகுப்புகள் தொடங்கின. 1989-ல் லூயிவில்லில் தேசியக் குடும்ப எழுத்தறிவு மையம் அமைந்தது. ஆசிரியர் பயிற்சி அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அதே ஆண்டு 'ஈவன் ஸ்டார்ட்' என்ற மத்திய அரசுத் திட்டம் 1.48 கோடி டாலரோடு தொடங்கி, 2001-ல் 25 கோடி டாலரைத் தொட்டது.

பிறகு வந்தது சோதனை. 18 இடங்களில் நடந்த மதிப்பீட்டின் முடிவு 2003-ல் வெளியானது. திட்டத்தில் இருந்த குடும்பங்கள் முன்னேறின. இல்லாத குடும்பங்களும் அதே அளவு முன்னேறியிருந்தன. பல குடும்பங்கள் கிடைத்த வகுப்பு நேரத்தில் சிறு பகுதிக்குத்தான் வந்திருந்தன. நிதி குறைந்துகொண்டே போய், 2011-ல் திட்டம் முடிந்தது.

கணக்குப் புத்தகத்தில் பன்னிரண்டே வருடத்தில் பணம் பதினாறு மடங்குக்கு மேல் பெருகியது. ஆனால் இரண்டு ஆசிரியர்கள் ஒரு குழுவாவதும், பள்ளியைக் கண்டு பயந்த தாய் நாள் தவறாமல் அந்த பஸ்ஸில் ஏறுவதும் அந்த வேகத்தில் பெருகுகிற காரியங்களா என்ன?