ஞாயிறு பூசையும் ஆறு நாள் வேலையும்

பொண்டியிலிருந்து விடியற்புறத்து முதல் றெயிலில் பாரிசுக்குப் போகிறவர்களில் எம்மவரும் இருக்கிறார்கள். றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவர்கள், அலுவலகங்கள் திறக்குமுன் நிலம் துடைத்து முடிக்க வேண்டியவர்கள், லா சப்பல் கடைகளில் பெட்டி இறக்குகிறவர்கள். இவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. சிலரது காற்சட்டைப் பையில் செபமாலை இருக்கும். செபிப்பது விசாவுக்காக, ஊரிலிருக்கிற தாய்க்காக, பிள்ளையின் படிப்புக்காக. கழுவுகிற கோப்பைக்கும் அந்தச் செபத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. விசுவாசம் என்பது ஞாயிற்றுக்கிழமைப் பூசை. வேலை என்பது மற்ற ஆறு நாளும் சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது.

இந்தச் சுவரைப் பற்றி எமக்கு முன்னரே இந்நகரத்துக்குக் கூலிகளாக வந்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். நாம் தினமும் கடந்துபோகிற தெருக்களிலேயே அந்த வரலாறு கிடக்கிறது.

பொண்டியையும் பாரிசின் லா வில்லெத்தையும் இணைப்பது லூர்க் கால்வாய். நெப்போலியனின் காலத்தில், 1802இல், வெட்டத் தொடங்கினார்கள். 1808இல் லா வில்லெத்துக்குத் தண்ணீர் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பாரிசின் மலக்கழிவு லா வில்லெத்தில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து பொண்டிக் காட்டுப் பக்கம் அனுப்பப்பட்டது. அங்கே அதைக் காயவைத்து உரமாக்கினார்கள். தன் அழுக்கையும் அந்த அழுக்கோடு வேலை செய்கிறவர்களையும் இந்நகரம் வடகிழக்குப் பக்கம் தள்ளிவைத்தது இன்று நேற்றல்ல.

அக்காலத்தில் பாரிசின் தெருக்களைக் கூட்டியவர்களில் பெருந்தொகையானோர் ஜேர்மனியின் ஹெசன் பகுதியிலிருந்து வந்த ஏழைகள். மொழி தெரியாது, குடும்பத்தோடு நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1858இல் பிறீட்றிக் பொன் போடெல்ஸ்விங் என்ற இளம் லூத்தரன் போதகர் இவர்களிடையே பணிசெய்ய வந்தார். 1864வரை இங்கிருந்தார். லா வில்லெத்துக்கு அண்மையிலுள்ள ஒரு குன்றில் கூட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியையும் வழிபட ஓரிடத்தையும் ஏற்படுத்தினார். கத்தோலிக்க ஜேர்மனியருக்கு 1860களில் வேறொரு கோவில் எழுந்தது. லா சப்பலிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், றூ லபயெற் 214ஆம் இலக்கத்தில் அது இன்றும் நிற்கிறது. 'ஜேர்மனியரின் சூசையப்பர்' என்றிருந்த அதன் பெயர், முதலாம் உலகப்போருக்குப் பின் 'கைவினைஞர் சூசையப்பர்' என்று மாறிற்று.

லூத்தரன் குன்றையும் அந்தப் போர் விட்டுவைக்கவில்லை. ஜேர்மனியரின் சொத்தென்று அரசு அதைக் கைப்பற்றியது. 1924இல் ஏலத்துக்கு வந்தபோது வாங்கியவர்கள் இன்னொரு அகதிக்கூட்டம்: புரட்சிக்குப் பின் ஓடிவந்த ரஷ்யர்கள். றூ து கிறிமே 93ஆம் இலக்கத்திலுள்ள புனித செர்ஜியஸ் கோவில் அதுதான். நாட்டில் அதிகாரியாகவும் பேராசிரியராகவும் இருந்தவர்கள் இங்கே டாக்சி ஓட்டினார்கள், றெனோ தொழிற்சாலையில் கூலிக்கு நின்றார்கள். படித்துவிட்டுக் கோப்பை கழுவுகிற எம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ரஷ்ய அகதிகளில் ஒருவர் மரியா ஸ்கொப்த்சோவா. இருமுறை மணமுடித்து, பிள்ளைகளைப் பெற்று, 1932இல் துறவியானவர். மடத்துக்குள் போக மறுத்து, 15ஆம் வட்டாரத்தில் றூ து லூர்மெல்லில் ஒரு வீட்டை எடுத்து, வேலையற்றவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் சமைத்துப் போட்டார். விடியுமுன் லே ஆல் சந்தைக்குப் போய், விலைப்படாத மரக்கறியை இரந்து சுமந்து வருவார். சந்தையும் சமையலறையும் வழிபாட்டின் தொடர்ச்சி என்பதே அவரது எண்ணம். ஜேர்மனிய ஆக்கிரமிப்பின்போது யூதர்களுக்கு உதவியதற்காக 1943இல் கைதாகி, 1945 மார்ச் 31ஆந் திகதி றாவென்ஸ்புறுக் முகாமில் மாண்டார். 2004இல் கொன்ஸ்தாந்திநோபிள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

போடெல்ஸ்விங் தொழிலாளர் குடியிருந்த இடத்துக்குக் கோவிலைக் கொண்டுபோனார். மரியா சமையலறையையே கோவிலாக்கினார். ஆனால் தொழிற்சாலை வாசல் அப்படியே மூடிக்கிடந்தது. அதற்குள் போனவர்கள் தொழிலாளர் குருக்கள்.

1943இல் ஹென்றி கொடன், இவான் டானியேல் என்ற இரு குருக்கள் 'பிரான்ஸ், மறைபரப்பு நாடா?' என்ற நூலை வெளியிட்டார்கள். இருவரும் கிறிஸ்தவ இளந்தொழிலாளர் இயக்கத்தோடு வேலை செய்தவர்கள். பாரிசின் தொழிலாளர் பகுதிகள் விசுவாசத்தைக் கைவிட்டவை அல்ல, திருச்சபை அங்கே போகவேயில்லை என்பது அவர்கள் கண்டது. ஒரு தொழிலாளி பங்குக் கோவிலில் சேர வேண்டுமானால் முதலில் தன் உடையையும் பேச்சையும் பழக்கங்களையும் மாற்றி நடுத்தர வர்க்கத்தவனாக வேண்டியிருந்தது. திருச்சபைக்கும் மக்களுக்கும் இடையில் ஒரு சுவர் இருக்கிறதென்று பாரிசின் கர்தினால் சுஹார்ட்டும் சொல்லிவந்தார். 1944 தொடக்கத்தில் 'பாரிஸ் மிஷன்' ஆரம்பமானது. அதே ஜனவரியில், தூங்கிக்கொண்டிருந்த அறையில் அடுப்புப் புகை சூழ்ந்து கொடன் இறந்துபோனார்.

இதற்கு முன்னோடிகளும் இருந்தார்கள். 1941இலேயே ஜாக் லோ என்ற டொமினிக்கன் துறவி மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போயிருந்தார். போர்க்காலத்தில் கட்டாய வேலைக்கு ஜேர்மனிக்கு ஏற்றப்பட்ட பிரெஞ்சுத் தொழிலாளரோடு, குருக்கள் என்பதை மறைத்து இருபத்தைந்து பேரளவில் போனார்கள். பிடிபட்டவர்களில் ஒருவரான விக்டோர் டிலார் 1945 ஜனவரியில் டாக்காவ் முகாமில் இறந்தார்.

போருக்குப் பின் பாரிசில் குருக்கள் அங்கியைக் கழற்றிவிட்டு உலோகப் பட்டறைகளுக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். வாடகை அறையில் தங்கி, இரவில் சாப்பாட்டு மேசையில் பூசை வைத்தார்கள். போதிக்கப் போனவர்கள் முதலில் கற்றுக்கொண்டது களைப்பை. நாள் முழுவதும் இயந்திரத்தோடு நின்றவனுக்கு மாலையில் செபப்புத்தகம் பிடிக்கக் கை எழும்பாது என்பது அவர்களுக்கே நடந்தது. ஒருவனுக்கு அநியாயம் நடந்தால் மற்றவர்கள் வேலையை நிறுத்துவதையும் கண்டார்கள். சுவிசேஷம் சொல்கிற அயலான் அங்கே ஏற்கனவே இருந்தான். பலர் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 1951இல் போர்தோ துறைமுகத்தில் மரச்சுமை விழுந்து மிஷேல் ஃபாவ்றோ என்ற குரு செத்தார், எந்தத் துறைமுகத் தொழிலாளியும் சாகக்கூடிய விதமாகவே.

உரோமாபுரிக்கு இது பிடிக்கவில்லை. சங்கம் கம்யூனிஸ்டுகளுடையது, தொழிற்சாலை வாழ்வு குருத்துவ வாழ்வோடு ஒத்துப்போகாது. 1954 மார்ச் 1க்குள் சங்கத்திலிருந்து விலக வேண்டும், நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் உடலுழைப்புக் கூடாது என்று கட்டளை வந்தது. அப்போது ஏறத்தாழ நூறு பேர் இருந்தார்கள். பாதியளவினர் கீழ்ப்படிந்தார்கள், மற்றவர்கள் தோழர்களைக் கைவிட முடியாதென்று வேலையிலேயே நின்றார்கள். மறு வருடம், 1955இல், அதே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே 1ஐத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக்கினார். தச்சன் பீடத்துக்கு வந்தார், தொழிலாளர் குருக்கள் வெளியே நின்றார்கள். 1965இல், வத்திக்கான் சங்கத்தின் இறுதி மாதங்களில்தான் தடை நீங்கியது.

எமது நாட்டிலும் இந்தச் சிந்தனை இருந்தது. 1958இல் இலங்கையில் கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை தொடங்கியது. 1972இல் கண்டியில் போல் கஸ்பேர்ஸ் அடிகளார் 'சத்யோதய'வை அமைத்து மலையகத் தொழிலாளரோடு வேலை செய்தார்.

ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர்களான எமக்கு இன்னொரு சுவரும் உண்டு. அது கோவிலுக்குள்ளேயே கட்டப்பட்டது. புதுச்சேரி சம்பா கோயிலில் தாழ்த்தப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்களைப் பிரித்துவைத்த சுவரைப் பற்றி அவர்களே 1745இல் குருமாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது, மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் கோவிலே இரு கால்களாகக் கட்டப்பட்டது. வேளாளரும் நாடாரும் ஒரே பீடத்தைப் பார்த்தபடி, ஒருவரையொருவர் பாராமல் பூசை காணலாம். 1910இல் கௌசானல் என்ற யேசுசபைக் குரு தடுப்பை இடித்தார். விடயம் நீதிமன்றம்வரை போனது.

இவ்விரு சுவர்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதே நாம் சொல்ல வருவது. உடலுழைப்பு இழிவென்று சாதி எமக்குச் சொல்லித்தந்தது. ஆகவேதான் பாரிசில் செய்கிற வேலையை ஊருக்கு எழுதும்போது மறைக்கிறோம். ஆண்டவருக்கு முன்னாலும் அதைக் கொண்டுபோய் வைக்கக் கூசுகிறோம். ஒரே தொட்டியில் கோப்பை கழுவுகிறவனிடம் 'தம்பி ஊரிலை எந்தப் பக்கம்?' என்று கேட்பது அன்பினால் மட்டுமல்ல என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

கூலி விடயமும் இதோடு சேர்ந்ததுதான். விசா இல்லாத பையனைப் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கவைத்து, சம்பளத்துண்டு இல்லாமல், நினைத்ததைக் கையில் கொடுக்கிற முதலாளிகள் எம்மவரிலும் உண்டு. அப்படிப்பட்டவர் திருநாளுக்குத் தாராளமாகக் காசு கொடுத்தால் அவரது பெயர் கோவிலில் வாசிக்கப்படும். யாக்கோபின் நிருபம் பிடித்துவைக்கப்பட்ட கூலியைப் பற்றியே பேசுகிறது. அதை அந்த முதலாளியும் அந்தப் பையனும் ஒரே வாங்கில் இருந்து கேட்கிறார்கள்.

லா சப்பல் மெத்ரோவிலிருந்து சில நிமிட நடையில் புனித பெர்னார் கோவில் இருக்கிறது. 1996 யூன் 28இல் விசா இல்லாத ஏறத்தாழ 300 ஆபிரிக்கர் அதற்குள் புகுந்தார்கள். பெரும்பாலானோர் மாலி, செனகல் நாட்டவர், பலர் இஸ்லாமியர். துப்புரவிலும் கட்டட வேலையிலும் சமையலறையிலும் உழைத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். பங்குக்குரு அவர்களை வெளியேற்றவில்லை. ஓகஸ்ட் 23 காலை பொலிசார் கதவைக் கோடரியால் உடைத்து உள்ளே போனார்கள். அந்த எட்டு வாரமும் அக்கோவிலில் வேலை, விசா, வழிபாடு ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

எம்மவரெல்லாம் தொழிலாளர் குருக்களாக வேண்டியதில்லை. எம்மவர் ஏற்கனவே தொழிலாளர்கள்தான். கேட்க வேண்டியவை சிறிய கேள்விகள். எங்கள் பூசையில் விசுவாசிகளின் மன்றாட்டில் பிடித்துவைக்கப்பட்ட கூலிக்காக யாராவது மன்றாடியிருக்கிறோமா? பங்கிலிருக்கிற கடைக்காரரிடம், அவரது வேலையாளுக்குச் சம்பளத்துண்டு உண்டா என்று சுவாமியார் கேட்பாரா? திருநாள் சமையலில் யார் கிடாரம் கழுவுகிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யாருடைய கையால் வாங்கிச் சாப்பிடத் தயங்குகிறோம்? பொண்டியிலிருந்து போகிற முதல் றெயிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விகளின் பதில்கள் தெரியும். அவர்களிடம் கேட்டுத் தொடங்கலாம்.