நவம்பர் 11-உம் கிராஞ்சியும்: போர் வீரர் நினைவு நாளின் பொருளும் மரபும்

நவம்பர் மாதம் வந்தால் சிலர் சட்டையில் சிவப்பு நிறக் காகிதப் பூ ஒன்றைக் குத்திக்கொண்டு போவதை நம் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த மாதம் 11-ஆம் தேதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராஞ்சி போர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் நினைவஞ்சலி நடக்கிறது. ஆனால், "இது எதுக்குச் சார்?" என்று ஒரு மாணவர் கேட்டால், "போரில் இறந்தவங்களுக்காக" என்ற ஒரு வரியோடு பெரும்பாலும் முடித்துவிடுகிறோம். கட்டுரைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் அந்த ஒரு வரி போதாது. ஆகவே, இந்த நாள் எப்படி வந்தது, அதன் சடங்குகளுக்கு என்ன பொருள், நமக்கும் அதற்கும் என்ன உறவு என்ற மூன்றையும் இங்கே பார்ப்போம்.

நாள் பிறந்த கதை

முதல் உலகப் போரில் மேற்கு முனையில் துப்பாக்கிகள் ஓய்ந்தது 1918-ஆம் ஆண்டு, 11-ஆம் மாதம், 11-ஆம் நாள், காலை 11 மணிக்கு. அடுத்த ஆண்டு அதே நாளில், அதே நேரத்தில், பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்க வேண்டும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கேட்டுக்கொண்டார். இன்றுவரை தொடரும் மௌன அஞ்சலி இப்படித்தான் தொடங்கியது.

இங்கே மாணவர்கள் அடிக்கடி குழம்பும் ஓர் இடம் உண்டு. ஒரே தேதிக்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு பொருள். பிரிட்டன், கனடா போன்ற காமன்வெல்த் நாடுகளில் நவம்பர் 11 முதன்மையாகப் போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். அமெரிக்காவில் அதே நாளை 1954 முதல் முன்னாள் வீரர்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அது உயிரோடு இருப்பவர்களுக்கும் சேர்த்து நன்றி சொல்லும் நாள். இறந்தவர்களுக்கு அங்கே மே மாதக் கடைசித் திங்கட்கிழமை தனியாக உண்டு. ஆஸ்திரேலியர்களுக்கும் நியூசிலாந்துக்காரர்களுக்கும் ஏப்ரல் 25 முக்கியமான நாள். அந்த நாளின் அதிகாலை அஞ்சலியும் கிராஞ்சியில் நடப்பதுண்டு. நம் நாட்டில் ஜூலை 1 சிங்கப்பூர் ஆயுதப் படை நாள், பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு நாள். இவை ஒவ்வொன்றின் நோக்கமும் வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிடக் கூடாது.

சடங்குகள் என்ன சொல்கின்றன?

சிவப்புப் பூ என்பது பாப்பி மலர். நம் சமையலில் பேர் தெரிந்த கசகசாவின் இனத்தைச் சேர்ந்த செடி. பெல்ஜியம், வட பிரான்ஸ் போர்க்களங்களில் குண்டு விழுந்து கிளறப்பட்ட மண்ணில் இந்தக் காட்டுப் பூ மண்டி வளர்ந்தது. கனடிய ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915-இல் எழுதிய கவிதை அதைப் புகழ்பெறச் செய்தது. பிறகு காகிதப் பூ விற்று, ஊனமுற்ற வீரர்களுக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் நிதி திரட்டும் வழக்கம் வந்தது. அதாவது, அது வெறும் அலங்காரம் அல்ல. உயிரோடு திரும்பியவர்களுக்குச் செய்யும் உதவியும் அதில் இருக்கிறது.

விழாவில் ஊதப்படும் எக்காள இசை, படைமுகாமில் ஒரு நாள் பணி முடிந்ததை அறிவிக்க ஊதப்பட்டது. இறந்தவரின் கடமை முடிந்தது என்பது அதன் பொருள். அதற்குப் பின் மௌனம். மௌனம் முடிந்ததும் மறுபடி எக்காளம். அது துயில் எழுப்பும் இசை. பிறகு மலர்வளையம். மாலை, இரவு, விழிப்பு என்ற வரிசையை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், விழாவை வர்ணிக்கும் பத்தி தானாகவே ஒழுங்காக வரும்.

சிங்கப்பூரின் இரண்டு நினைவிடங்கள்

எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கும் போர் நினைவுச்சின்னத்துக்கு 1920 நவம்பர் 15-இல் ஆளுநர் லாரன்ஸ் கில்லிமார்ட் அடிக்கல் நாட்டினார். பிரான்சின் முன்னாள் பிரதமர் கிளெமன்சோவும் உடன் இருந்தார். 1922 மார்ச் 31-இல் வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்து வைத்தார். முதல் உலகப் போரில் இறந்த, சிங்கப்பூரோடு தொடர்புடைய 124 பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் அதில் உள்ளன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மறுபக்கத்தில் அந்தப் போரின் ஆண்டுகள் சேர்க்கப்பட்டன. நாம் வாழ அவர்கள் உயிர் கொடுத்தார்கள் என்ற கருத்துள்ள வாசகம் அங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இருக்கிறது. தமிழிலும்தான். கற்றல் பயணம் போகும்போது அந்தப் பக்கத்தைக் காட்ட மறந்துவிடாதீர்கள்.

கிராஞ்சி, போருக்கு முன் ராணுவ முகாமும் வெடிமருந்துக் கிடங்கும் இருந்த இடம். ஜப்பானியர் காலத்தில் அங்கே போர்க் கைதிகள் முகாம் இருந்தது. 1946-இல் அது நிரந்தரக் கல்லறையாக மாற்றும் பணி தொடங்கி, சாங்கி போன்ற இடங்களில் இருந்த கல்லறைகளும் அங்கே கொண்டுவரப்பட்டன. 1957 மார்ச் 2-இல் ஆளுநர் ராபர்ட் பிளாக் நினைவுமண்டபத்தைத் திறந்தார். இரண்டாம் உலகப் போரில் இறந்த 4,458 காமன்வெல்த் வீரர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்களுள் 850-க்கும் மேற்பட்டவர்கள் யார் என்றே தெரியாது. கல்லறையே இல்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் மண்டபத்தின் சுவர்களில் செதுக்கப்பட்டுள்ளன.

அந்தச் சுவர்களில் இந்தியப் படையினரின் பெயர்கள் வரிசை வரிசையாக வரும். இன்னொரு சின்னமும் அதே வளாகத்தில் உண்டு. தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கான நினைவுச்சின்னம் அது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். புதைத்தவருக்குக் கல்லறை உண்டு. எரித்தவருக்கு என்ன செய்வது? பெயரை எழுதி வைத்தார்கள்.

"வெள்ளைக்காரனுக்காகச் செத்தவங்கதானே?"

உயர்நிலை மூன்று, நான்கு வகுப்புகளில் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். தட்டிக் கழிக்க வேண்டாம். நல்ல கேள்வி இது.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க்கில் 40,000-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அந்த நாளிலிருந்து அவர்களின் பாதைகள் பிரிந்தன. பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பலர் சேர மறுத்துக் கைதிகளாகவே இருந்தார்கள். அவர்களில் கணிசமானோர் தொலைதூரத் தீவுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டு அங்கேயே மாண்டார்கள். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின், படைவீரர் அல்லாத மலாயாத் தோட்டத் தமிழர்களும் பெரும் எண்ணிக்கையில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்களுக்கென்று ஜான்சி ராணி படையும் இங்கேதான் உருவானது.

இந்திய தேசிய ராணுவத்தில் இறந்தவர்களுக்கு 1945 ஜூலை 8-இல் இதே எஸ்பிளனேட் பகுதியில் போஸ் அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அந்தச் சின்னம் இடித்துத் தள்ளப்பட்டது. ஐம்பது ஆண்டு கழித்து, 1995-இல், அது இருந்த இடத்தில் தேசிய மரபுடைமைக் கழகம் ஒரு குறிப்புப் பலகை வைத்தது. ஒரே பூங்கா. ஒன்று நிற்கிறது, ஒன்று இடிக்கப்பட்டுப் பலகையாய் மிஞ்சியிருக்கிறது. எந்த வீரரை நினைப்பது என்பதை யார் முடிவு செய்தார்கள் என்று மாணவர்களைக் கேளுங்கள். வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

பெயரில்லாதவர்கள்

இன்னொரு கூட்டம் உண்டு. சயாம்–பர்மா ரயில் பாதை சுமார் 415 கிலோமீட்டர் நீளம். 1943 அக்டோபரில் முடிந்தது. அந்த வேலையில் ஏறத்தாழ 13,000 போர்க் கைதிகள் இறந்தார்கள். வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட பொதுமக்களில் 80,000 முதல் 1,00,000 பேர்வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. இவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் எண் ஓரளவு துல்லியமானது. இரண்டாவதில் 20,000 உயிர்கள் வித்தியாசமாக நிற்கின்றன. ஏன்? படைவீரருக்கு எண் உண்டு, பதிவேடு உண்டு, தகவல் அனுப்ப வீட்டு முகவரி உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு அதெல்லாம் யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. போர்க் கைதிகளின் உடல்கள் தேடி எடுக்கப்பட்டு காஞ்சனபுரி, தன்பியூசயாத் போன்ற இடங்களில் பெயரோடு அடக்கம் செய்யப்பட்டன. தொழிலாளிகள் பாதையோரத்து மண்ணிலேயே கிடந்தார்கள்.

பதவி, இனம், சமயம் பாராமல் எல்லாருக்கும் ஒரே மரியாதை என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. அந்த ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் பல்லாயிரம் பேருக்கு அந்தச் சமமான மரியாதை கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. சீருடை போட்டவருக்கே அப்படியென்றால், மண்வெட்டி பிடித்தவரைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

சிங்கப்பூரில் பொதுமக்களுக்கும் ஒரு நினைவிடம் இருப்பது நமக்குப் பெருமை. 1967 பிப்ரவரி 15-இல் திறக்கப்பட்ட அதன் நான்கு தூண்களும் நான்கு இனங்களைக் குறிக்கின்றன. அடியில் 606 தாழிகளில் இறந்தவர்களின் எச்சங்கள் உள்ளன. அங்கே தனித்தனிப் பெயர்கள் கிடையாது. ஆனால் யாரும் விடுபடவும் இல்லை.

மாணவர்களுக்கு

இந்தத் தலைப்பில் எழுதும்போது, "வீரர்களைப் போற்றுவோம்" என்ற பொதுவான முழக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். முதல் பத்தியில் நாள் பிறந்த காரணம், இரண்டாவதில் சடங்குகளின் பொருள், மூன்றாவதில் கிராஞ்சி, எஸ்பிளனேட் போன்ற உள்ளூர்ச் சான்று, நான்காவதில் யார் நினைக்கப்படுகிறார்கள், யார் விடுபட்டார்கள் என்ற உங்கள் கருத்து. இந்த நான்கும் இருந்தால் கட்டுரை நிறைவாக இருக்கும். "வெள்ளைக்காரனுக்காக" என்ற கேள்விக்கும் விடை அதில் வந்துவிடும். நினைவு நாள் போரைப் புகழும் நாள் அல்ல, எந்தக் கொடியின் கீழ் நின்றார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடும் நாளும் அல்ல. ஒரு மனிதன் பெயரில்லாமல் மறைந்துபோகக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் ஜப்பானியர் காலத்தை நேரில் கண்டவர்களின் பேட்டிகள் இருக்கின்றன. தமிழில் பேசியவர்களும் உண்டு. ஒரு பேட்டியின் பத்து நிமிடத்தைக் கேட்டல் பயிற்சியாக வகுப்பில் வைக்கலாம். அதோடு, வீட்டில் தாத்தா பாட்டியிடம், "நம்ம குடும்பத்துல யாராவது சயாமுக்குப் போனாங்களா? திரும்பி வந்தாங்களா? அவங்க பேரு என்ன?" என்று கேட்டு வரச் சொல்லுங்கள். கிடைக்கும் பெயர்களை வகுப்பில் ஒரு தாளில் எழுதிச் சேருங்கள். அந்த விவரம் தெரிந்த தலைமுறை வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறது. இந்த நவம்பரிலேயே கேட்பது நல்லது.