பழைய வள்ளமும் புதிய யந்திரமும்

கடலை நம்பி வாழும் நம் மரபினர்க்குக் கலமே முதற்பொருள். முன்னோர் காலத்தில் அதனைப் பாயும் துடுப்பும் இயக்கின. இந்நாளில் அதன் பின்பலகையில் மாட்டிய அவுட்போர்டு யந்திரம் இயக்குகின்றது. அந்த யந்திரம் தேய்ந்து வேறொன்று வாங்கும் காலம் வருங்கால், “அடுத்த வீட்டார் வாங்கியது எத்தனை குதிரை சக்தி?” என்று கேட்பார் பலர், “நம் கலம் எவ்வளவு தாங்கும்?” என்று கேட்பார் மிகச் சிலர். பின்னைய வினாவே முதலில் கேட்கத்தக்கது என்பதைச் சரித்திரம் நமக்குக் கற்பிக்கின்றது. அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

நார்வே தேசத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பார், 1909-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் இவ்வகை யந்திரங்களை விற்பனைக்குக் கொணர்ந்தார். அவருக்கு முன்னரும் சிலர் இவற்றைச் செய்ததுண்டு. எனினும் இவை பரவுதற்குப் பெருங்காரணமாய் நின்றவர் அவரே. இதன் சிறப்பு யாதெனின், கலத்தின் அடியைத் துளையாமலே மாட்டலாம். கரையேறும்போது தூக்கி விடலாம். பழுதுற்றால் கழற்றித் தோளிற் சுமந்து செல்லலாம். துறைமுகமில்லாத மணற்கரையில் அலையைக் கடந்து சென்று மீளும் நம்மவர்க்கு இஃது எத்துணைப் பொருத்தமுடையது என்பது வெளிப்படை.

நிற்க. 1952-ஆம் ஆண்டில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை என்னும் ஊர்களில் மீன்பிடித் தொழிலை வளர்க்கும் திட்டம் ஒன்று தொடங்கிற்று. அங்கு வந்த நிபுணர், மீனவரிடம் ஏற்கெனவே இருந்த வள்ளங்களிலேயே யந்திரம் பொருத்த முதலில் எண்ணினர். அம்முயற்சி பலிக்கவில்லை. துடுப்புக்கென்றே சமைக்கப்பட்ட கலம் யந்திரத்துக்கு இசையவில்லை. ஆதலின் 22 அடியும் 25 அடியும் நீளமுள்ள புதிய படகுகளைக் கட்டத் தொடங்கினர். அவற்றுக்கோ ஒதுங்கும் துறையும் பெருமுதலும் வேண்டியிருந்தன. சிறுகலம் உடையார் பலர் பல்லாண்டுகள் யந்திரமின்றியே நின்றனர்.

அக்குறையைத் தீர்க்க முயன்றோருள் குறிப்பிடத்தக்கவர், கன்னியாகுமரிக் கடற்கரையிலுள்ள முட்டத்தில் பணிபுரிந்த பெல்ஜியம் தேசத்துப் பாதிரியார் பியர் ஜில்லே ஆவர். இலேசான பிளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து இணைத்து, மணற்கரையிற் கையால் ஏற்றியிறக்கத்தக்க கலங்களை அங்கு அமைத்தனர். கலத்தை யந்திரத்துக்கும், யந்திரத்தைக் கரைக்கும் பொருத்திப் பார்த்தமையால் இவ்வழி பயன் தந்தது. 1980-க்குப் பின்னர்ப் பிளைவுட் வள்ளமும் மண்ணெண்ணெயில் ஓடும் சிறு யந்திரமும் தென்கோடிக் கரைகளில் விரைந்து பரவின. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தினரும் கரையேறும் கலங்களைப் பற்றிப் பல பரிசோதனைகள் நடத்தினர். சிறுபடகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைப்பது பற்றி அவர்கள் 1986-ல் ஒரு நூலும் வெளியிட்டனர்.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை சில உள. முதலாவது, வேகத்துக்கு எல்லையுண்டு. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள கனத்த வள்ளம், தான் எழுப்பும் அலையைத் தானே கடக்க மாட்டாமல், மணிக்கு ஏறக்குறைய ஆறரைக் கடல்மைலோடு நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை குதிரை சக்தியைக் கூட்டினும் எண்ணெய்தான் எரியுமேயன்றி வேகம் மிகாது. தட்டையான அடியும் குறைந்த எடையும் உள்ள கலமே நீரின்மேல் எழுந்து ஓட வல்லது. பழைய கலமோ ஆண்டுதோறும் நீர் ஊறிக் கனத்திருக்கும்.

இரண்டாவது, பின்பலகை. அது உளுத்திருப்பின் புதிய யந்திரத்தின் எடையையும் உந்துதலையும் தாங்காது. நடுக்கடலிற் பிளந்தால் யந்திரத்தோடு உயிரும் போம். ஆதலின் வாங்குமுன் அதனைத் தட்டிப் பார்த்து, வேண்டுமாயின் மாற்றுக. அதன் உயரத்தையும் அளக்க. 15 அங்குலப் பலகைக்குக் குட்டைத் தண்டும், 20 அங்குலப் பலகைக்கு நெட்டைத் தண்டும் உரியன. தண்டு குட்டையாயின் விசிறி காற்றைக் கலக்கும்; மிக நீண்டதாயின் நீரின் தடை மிகும்.

மூன்றாவது, எண்ணெய். மண்ணெண்ணெய் யந்திரம் பெட்ரோலில் தொடங்கிப் பின் மண்ணெண்ணெய்க்கு மாறுவது. அதே அளவுள்ள பெட்ரோல் யந்திரத்தினும் வலி குறைந்தது. பழைய டூ-ஸ்ட்ரோக் யந்திரம் எடை குறைந்ததாயினும் எண்ணெயில் ஒரு பங்கை எரிக்காமலே வெளிவிடும். ஃபோர்-ஸ்ட்ரோக் யந்திரம் சிக்கனமுடையது, ஆயின் கனத்தது. வலையும் மீனும் சுமக்கும் கலத்துக்கு விரைவுக்கான விசிறி ஆகாது. ஒரு சுற்றில் குறைந்த தூரமே முன்செல்லும் விசிறியே ஏற்றது.

நான்காவது, உதிரிப்பாகம். எவின்ரூட் பெயரால் நூறாண்டுக்கு மேல் வந்த யந்திரங்களின் உற்பத்தியே 2020-ல் நிறுத்தப்பட்டது. பெரும்பெயரும் நிலையாதெனின், நம் ஊரிற் பழுதுபார்ப்பவரும் உதிரிப்பாகமும் உள்ள யந்திரத்தைக் கொள்வதே அறிவுடைமை.

இவை யாவும் சிறிய காரியங்கள் என்று எண்ணற்க. யந்திரம் வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெறுவோர், பிடித்த மீனை அவருக்கே அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க நேர்கின்றது. வேண்டாத ஐந்து குதிரை சக்திக்காகப் பட்ட கடன், தந்தை காலத்திற் தீராது மகன் தலையில் வந்து விழுவதையும் நாம் கண்டிருக்கின்றோம். ஆதலின், நம் சங்கத்துக் குடும்பத்தார் ஒவ்வொருவரும் கடைக்குச் செல்லுமுன் தம் கலத்தின் நீளத்தையும், பலகையின் உயரத்தையும், செல்லும் தூரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்வாராக. கணக்குப் பார்க்கும் வீட்டுப் பெண்டிரையும் கலந்தே முடிவு செய்வாராக. கலம் அறிந்து யந்திரம் கொள்வார் கடனின்றிக் கரை சேர்வர்.